‘போட வைத்தான்’ என்பதற்கு ஆங்கிலம் கேட்கும் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாக்குமூலத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணி எனக்கு வந்தது. வாக்குமூலம் தந்தவர் வயதான ஒரு பெண்மணி. “என் தம்பி அந்தப் பத்திரத்தில் என்னைக் கையெழுத்துப் போட வைத்தான்” என்பது அதில் ஒரு வரி. “மை பிரதர் மேட் மீ சைன்” என்று தயக்கமே இல்லாமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். என் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ‘மேட்’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் “மிரட்டினானா?” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

வாக்குமூலத்தை முதலிலிருந்து மீண்டும் படித்தேன். அதில் மிரட்டல் எங்கும் இல்லை. தம்பி பல முறை வந்து பேசியிருக்கிறான். அந்தப் பெண்மணி முதலில் மறுத்திருக்கிறார். கடைசியில் மனம் இளகிச் சம்மதித்திருக்கிறார். நான் எழுதிய ஆங்கில வரியோ, அவர் விருப்பத்தை மீறி, வேறு வழியில்லாத நிலையில் அவரைக் கையெழுத்திடச் செய்தான் என்று சொன்னது. ஒரு வழக்கில் இந்த வேறுபாடு சிறியதன்று. ஒன்று வற்புறுத்தலைக் குற்றம் சாட்டுகிறது. மற்றொன்று வருத்தத்தைச் சொல்கிறது. “ஹி காட் மீ டு சைன் இட்” என்று திருத்தி அனுப்பினேன். அன்றிலிருந்து ‘மேக்’, ‘லெட்’, ‘ஹெல்ப்’, ‘ஹேவ்’, ‘கெட்’ ஆகிய ஐந்து சிறு வினைகளையும், பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு பட்டியலாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

பிழை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விரைவில் விளங்கியது. தமிழில் ‘வை’ என்ற துணைவினை மிகவும் அகலமானது. அழ வைத்தான், சிரிக்க வைத்தான், சம்மதிக்க வைத்தான், காத்திருக்க வைத்தான், எழுத வைத்தான் என்று எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வற்புறுத்தல், கெஞ்சல், ஊக்கம், அன்பு, தந்திரம் ஆகிய எந்த வழியில் அந்தச் செயல் நடந்திருந்தாலும் ‘வைத்தான்’ என்பது அதைத் தாங்கிக்கொள்ளும். எந்த வழி என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். தமிழ் நமக்குத் தரும் இந்தச் சுதந்திரத்தை ஆங்கிலம் தருவதில்லை. அது ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியைக் கேட்டு, விடை சொன்ன பிறகே வாக்கியத்தை முடிக்க விடுகிறது: செயலைச் செய்தவரின் விருப்பம் அப்போது எங்கே இருந்தது?

‘மேக்’ என்ற வினை இக்கேள்விக்கு, அந்த விருப்பம் கணக்கில் எடுக்கப்படவில்லை என்று பதில் சொல்கிறது. “ஷி மேட் ஹிம் வெயிட்” என்றால், அவன் காத்திருக்க விரும்பினானா இல்லையா என்பது பொருட்டாகவே இல்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாளாயிற்று. ‘மேக்’ எப்போதும் கொடுமையைக் குறிப்பதில்லை. “அந்தக் கதை என்னைச் சிரிக்க வைத்தது”, “உன் கடிதம் என்னை யோசிக்க வைத்தது” ஆகியவற்றை ‘மேட் மீ லாஃப்’, ‘மேட் மீ திங்க்’ என்று கூச்சமின்றி எழுதலாம். அங்கே கட்டாயத்தின் வாடையே இல்லை. ஏனெனில் சிரிப்பும் அழுகையும் நினைவும் நாம் முடிவெடுத்துச் செய்பவை அல்ல. விருப்பத்துக்கு இடமே இல்லாத செயலில் விருப்பத்தை மீறுவது என்ற பேச்சும் எழாது. கையெழுத்திடுதல், படித்தல், காத்திருத்தல், மன்னிப்புக் கேட்டல் போன்று மனிதர் தாமே முடிவு செய்து செய்யும் செயல்களோடு ‘மேக்’ சேரும்போதுதான் அது கடுமையாகிறது. எனவே “மை டீச்சர் மேட் மீ லவ் மேத்தமெட்டிக்ஸ்” என்பது நன்றி. “மை டீச்சர் மேட் மீ ரீட் தி புக்” என்பது ஏறக்குறைய முறையீடு. பின்னால் வரும் வினை எத்தகையது என்பதைப் பொறுத்து முன்னால் உள்ள வினையின் நிறம் மாறுகிறது.

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இதனால் நேரும் ஒரு துயரமான பிழையை அடிக்கடி காண்கிறேன். “என் மாமா என்னைப் படிக்க வைத்தார்” என்று நாம் சொல்லும்போது அதில் எவ்வளவு நன்றி இருக்கிறது! அவர் பணம் கட்டினார், தங்க இடம் கொடுத்தார், ஆண்டுக் கணக்கில் துணை நின்றார் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். அதைச் சொல்லுக்குச் சொல்லாக ‘மேட் மீ ஸ்டடி’ என்று எழுதினால், விளையாடப் போக நினைத்த சிறுவனை இழுத்து உட்கார வைத்த ஒரு மனிதர்தான் படிப்பவர் மனத்தில் தோன்றுவார். அந்த நன்றியை ஆங்கிலம் “ஹி புட் மீ த்ரூ காலேஜ்” என்று சொல்லும். ‘புட்’ என்பதும் நம் ‘வை’ என்பதும் ஒரு பொருளை ஓரிடத்தில் இருத்துவதைக் குறிக்கும் சொற்கள் என்பதை எண்ணும்போது, இரு மொழிகளும் ஒரே படிமத்துக்குத் தனித்தனியே வந்து சேர்ந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

‘ஹேவ்’ வேறொரு உலகம். “ஐ ஹேட் தி அசிஸ்டன்ட் கால் ஹிம்” என்றால் உதவியாளரிடம் சொன்னேன், அவர் அழைத்தார், அவ்வளவுதான். எதிர்ப்பும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை. சொல்பவருக்குச் சொல்லும் உரிமை உண்டு, செய்பவருக்கு அது வழக்கமான வேலை. தமிழில் இதற்கு நேரானது ‘அழைக்க வைத்தேன்’ என்பதன்று, ‘அழைக்கச் சொன்னேன்’ என்பதுதான். நம் இலக்கணத்தில் ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று இருவரைப் பிரித்துச் சொல்கிறோம். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்னும்போது அரசன் கல் சுமக்கவில்லை. அந்த ஏவுதல் கருத்தாவின் வினைதான் ‘ஹேவ்’. இதனால்தான் உயிரற்ற பொருள் எதுவும் அதற்கு எழுவாயாக எளிதில் வருவதில்லை. செய்தி ஒருவரை அழ வைக்கலாம், ஆகவே ‘மேட் ஹர் க்ரை’ இயல்பானது. செய்தி ஒருவருக்கு ஆணையிட முடியாது, ஆகவே ‘ஹேட் ஹர் க்ரை’ என்பது காதுக்கு உறுத்தும்.

இதே ‘ஹேவ்’ செயப்பாட்டு எச்சத்தோடு வந்தால் இருமுகம் கொள்கிறது. “ஐ ஹேட் மை வாட்ச் ரிப்பேர்ட்” என்றால் கடிகாரத்தைச் சரிசெய்யக் கொடுத்து வாங்கினேன் என்று பொருள். “ஐ ஹேட் மை வாட்ச் ஸ்டோலன்” என்பதும் அதே அமைப்புத்தான். ஆனால் யாரும் தம் கடிகாரத்தைத் திருடச் சொல்லி ஆள் அனுப்புவதில்லை. அங்கே எழுவாய் ஏவியவர் அல்லர், இழந்தவர். முதலில் வருபவர் எல்லாரும் செயலுக்குக் காரணமானவர் அல்லர், அச்செயல் அவரைத் தொட்டது என்பதே உறுதி என்பதை இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

‘கெட்’ பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முயற்சி தேவைப்பட்டது, எதிரே தயக்கம் இருந்தது, கடைசியில் அது கரைந்தது என்பதே அதன் சாரம். அந்தத் தம்பியின் கதை அதுதான்.

‘லெட்’ மீது எனக்குத் தனி அன்பு உண்டு. அதன் பழைய வடிவம் பழைய ஆங்கிலத்தில் ‘விட்டுவிடுதல், விட்டுச் செல்லுதல்’ என்ற பொருளும் கொண்டிருந்தது. தமிழில் அனுமதியைச் சொல்ல நாம் எடுத்த சொல்லும் ‘விடு’ என்பதே: போக விடு, பேச விடு, தூங்க விடு. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், அனுமதி என்பதைக் கையில் இருப்பதை விட்டுவிடுவதாகக் கண்டிருக்கின்றன. அதனாலோ என்னவோ ‘லெட்’ தமிழருக்கு எளிதாகவே பிடிபடுகிறது. ‘விடு’ என்று வரும் இடத்தில் ‘லெட்’ என்று எழுதினால் பெரும்பாலும் தவறுவதில்லை.

ஆயினும் விடுவதில் இரண்டு வகை உண்டு. கூண்டின் கதவைத் திறந்து பறவையைப் பறக்க விடுவது ஒன்று. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பறவையைத் தடுக்காமல் இருப்பது மற்றொன்று. முதலாவதில் தடை இருந்தது, அதை நீக்கினார். இரண்டாவதில் அவர் எதையும் செய்யவே இல்லை. ஆங்கிலமும் தமிழும் இரண்டுக்கும் ஒரே சொல்லையே பயன்படுத்துகின்றன. “ஐ லெட் இட் ஹேப்பன்” என்று ஒருவர் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்ளும்போது, அவர் கதவைத் திறந்தாரா, மூடாமல் இருந்தாரா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. கடமை எதுவும் இல்லாதவர் மூடாமல் இருந்தால் அது குற்றமில்லை. மூடும் பொறுப்பில் இருந்தவர் மூடாமல் இருந்தால் அதுவே குற்றம். எனவே இத்தகைய வாக்கியங்களை மொழிபெயர்க்கும்போது, பேசுபவருக்கு அந்தக் கதவின் மேல் என்ன உரிமை இருந்தது என்று ஒரு முறை நின்று பார்த்துக்கொள்கிறேன்.

எதிர்மறையில்தான் ‘மேக்’, ‘லெட்’ இரண்டின் உள்ளமைப்பும் வெளிப்படுகிறது. “ஹி டிடின்ட் மேக் மீ சைன்” என்றால், நான் கையெழுத்திட்டேனா இல்லையா என்பது தெரியாது. என் விருப்பத்திலேயே கூட நான் இட்டிருக்கலாம். “ஹி டிடின்ட் லெட் மீ சைன்” என்றால் நான் கையெழுத்திடவில்லை என்பது உறுதி. ஒன்று கட்டாயத்தை மறுக்கிறது, மற்றது வாய்ப்பையே மறுக்கிறது. ஒருவரைப் போக விடாமல் இருப்பதும் அவரை இருக்க வைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த இரண்டு வினைகளும் ஒரே கதவின் இரு பக்கங்களில் நிற்கின்றன. தமிழிலும் ‘போட வைக்கவில்லை’, ‘போட விடவில்லை’ என்று சொல்லிப் பார்த்தால் இந்த வேறுபாடு அப்படியே இருப்பதைக் காணலாம். கேள்விக்குறியோடு வரும் நீண்ட இலக்கணப் பயிற்சிகளைவிட, இந்த இரண்டு எதிர்மறைகளை ஒருவரிடம் சொல்லி “இப்போது கையெழுத்து விழுந்ததா?” என்று கேட்பது பயனுள்ளது என்று நான் நம்புகிறேன்.

‘லெட்’ என்ற உருவத்துக்குள் நேரெதிர்ப் பொருள் கொண்ட இன்னொரு சொல்லும் ஒளிந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘தடு, தாமதப்படுத்து’ என்ற பொருளில் தனியாக ஒரு வினை இருந்தது; ‘லேட்’ என்று இன்று நாம் சொல்லும் சொல்லின் உறவு அது. காலப்போக்கில் இரண்டும் ஒரே ஒலிக்கு வந்துவிட்டன. அனுமதிப்பதும் தடுப்பதும் ஒரே சொல்லாக இருந்தால் மொழி தாங்காது அல்லவா, ஆகவே தடுக்கும் ‘லெட்’ மெல்ல வழக்கொழிந்தது. ஆனால் முற்றிலும் அழியவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டிலும் இந்தியக் கடவுச்சீட்டிலும், இதனை வைத்திருப்பவரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ செல்ல அனுமதிக்குமாறு கேட்கும் வாசகம் இன்றும் இருக்கிறது. தடையோ இடையூறோ இன்றி என்பது அதன் பொருள். டென்னிஸ் ஆட்டத்தில் தொடக்க வீச்சு வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்று அறிவித்து மீண்டும் வீசச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லையும் பொதுவாக இந்தத் தடையோடுதான் தொடர்புபடுத்துகிறார்கள்.

மேலும் ஒன்று. ‘லெட்’ யாரிடமும் அனுமதி கேட்காத இடங்களிலும் வருகிறது. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் வரும் “லெட் தேர் பி லைட்” என்ற வாசகத்தில் யார் யாருக்கு அனுமதி தருகிறார்? கணிதத்தில் “லெட் எக்ஸ் பி ஃபைவ்” என்னும்போது யார் எதைத் தடுத்துக்கொண்டிருந்தார்? இது ஆணையும் வேண்டுதலும் கலந்த ஒரு வடிவம். நம் வியங்கோளுக்குச் சமமானது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அதனை “வெளிச்சம் உண்டாகக்கடவது” என்று தந்தது. ‘விடு’ என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. இன்று நாம் “உண்டாகட்டும்” என்போம். இங்கேதான் எனக்கு வியப்பு: இந்த ‘-அட்டும்’ என்ற ஈறு, ‘இணங்கு, அனுமதி’ என்ற பொருளுடைய ‘ஒட்டு’ என்னும் வினையிலிருந்து வந்தது என்று விளக்குவதுண்டு. “வரவொட்டாமல் தடுத்தான்” என்று எழுதும்போது அந்தப் பழைய வினை இன்னும் முழு உருவில் நிற்கிறது. அப்படியானால் ‘வரட்டும்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், தெரியாமலே, ‘லெட்’ என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி, மாணவர்களை மிகவும் வாட்டும் சிறு சொல்லுக்கு வருகிறேன். ‘மேக்’, ‘லெட்’, ‘ஹேவ்’ ஆகியவற்றுக்குப் பின் வரும் வினைக்கு முன் ‘டு’ வராது. ‘கெட்’, ‘காஸ்’, ‘அலவ்’, ‘ஃபோர்ஸ்’, ‘பெர்ஸ்வேட்’ ஆகியவற்றுக்குப் பின் வரும். ‘ஹெல்ப்’ இரண்டையும் ஏற்கும். ஏன் இப்படி? 1983-இல் மொழியியலாளர் ஜான் ஹைமன் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு அழகான பார்வை ஒன்றைத் தருகிறது: சொற்களுக்கு இடையிலுள்ள தூரம் கருத்துகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் காட்டும் என்பது அதன் மையம். காரணமும் விளைவும் ஒரே சொல்லுக்குள் இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தனிச் சொற்களாகப் பிரிந்தால் இடையில் நேரமும் இடமும் பிறர் கையும் புக முடியும். தமிழில் குழந்தைக்கு ‘ஊட்டினாள்’ என்றால் அவள் கையும் குழந்தையின் வாயும் சேர்ந்திருக்கின்றன; ‘உண்ண வைத்தாள்’ என்றால் அவள் கதை சொல்லியோ கண்டித்தோ குழந்தையே எடுத்து உண்ணும்படி செய்திருக்கலாம். ஆங்கிலத்தில் ‘கில்’ என்பதற்கும் ‘காஸ் டு டை’ என்பதற்கும் உள்ள இடைவெளியும் இதுவே. 1970-இல் மெய்யியலாளர் ஜெர்ரி ஃபோடர் இதனை ஒரு கட்டுரையில் கூர்மையாக எடுத்துக்காட்டினார்: சனிக்கிழமை ஒருவனைக் குத்தி, ஞாயிற்றுக்கிழமை அவன் இறக்கக் காரணமானான் என்று சொல்ல முடியும், ஆனால் சனிக்கிழமை குத்தி ஞாயிற்றுக்கிழமை கொன்றான் என்று சொல்ல முடியாது. கொல்லுதல் என்ற சொல்லுக்குள் இரண்டு தனித் தேதிகளுக்கு இடமில்லை.

இந்தப் பார்வையை நான் விரும்பினாலும் அதை விதியாகக் கொள்ள மாட்டேன். ‘ஃபோர்ஸ்’ என்பது ‘மேக்’ அளவுக்கு, சில வேளை அதைவிடக் கடுமையானது. ஆயினும் அது ‘டு’ கேட்கிறது. வரலாறும் குறுக்கே நிற்கிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 23-ஆம் சங்கீதத்தில் “ஹி மேக்கெத் மீ டு லை டவுன்” என்று, செய்வினையிலேயே, ‘மேக்’ ‘டு’வோடு வருகிறது. அன்று இரண்டும் வழங்கின. இன்று செய்வினையில் ‘டு’ உதிர்ந்துவிட்டது. செயப்பாட்டுவினையில் மட்டும் அது நிலைத்திருக்கிறது. எனவே “தே மேட் ஹர் வெயிட்” என்று சொல்பவர், அதையே புரட்டும்போது “ஷி வாஸ் மேட் டு வெயிட்” என்று சொல்லியாக வேண்டும். ‘ஸீ’, ‘ஹியர்’ போன்ற புலன்வினைகளும் இதே வழியில்தான் நடக்கின்றன. ‘லெட்’ இங்கேயும் தனிப்போக்கு உடையது: அதற்குச் செயப்பாட்டுவினை ஏறக்குறைய இல்லை. “நான் பேச அனுமதிக்கப்பட்டேன்” என்பதைச் சொல்ல ‘அலவ்ட் டு’ என்று வேறு வினைக்கு மாற வேண்டியிருக்கிறது. ‘லெட் கோ’ போன்ற ஒரு சில தொடர்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. அதிலும் “ஹி வாஸ் லெட் கோ” என்றால் பெரும்பாலும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்பதே பொருள். போக விரும்பாத ஒருவரை வெளியேற்றிவிட்டு, அவர் போக விரும்பியதாகவும் அதற்கு நிறுவனம் இசைந்ததாகவும் காட்டும் இந்தத் தொடர் எனக்குப் பிடிக்காது. மொழிபெயர்க்கும்போது ‘பணியிலிருந்து நீக்கப்பட்டார்’ என்று நேராகவே எழுதுகிறேன்.

‘ஹெல்ப்’ ஏன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. உதவுவது ஒருவரைச் செய்ய வைப்பதாகுமா? 1988-இல் மொழியியலாளர் லியனார்ட் டால்மி எழுதிய விசை இயக்கம் பற்றிய கட்டுரையைப் படித்தபோது தெளிவு பிறந்தது. இத்தகைய வாக்கியங்களில் இரண்டு விசைகள் இருப்பதாக அவர் காண்கிறார். ஒன்றுக்குத் தன் இயல்பான நாட்டம் உண்டு. மற்றொன்று வெளியிலிருந்து வருவது. வெளிவிசை அந்த நாட்டத்தை எதிர்த்து வெல்லும் இடத்தில் ‘மேக்’ வருகிறது. எதிர்க்காமல் விலகும் இடத்தில், அல்லது எதிர்க்கவே முனையாத இடத்தில் ‘லெட்’ வருகிறது. நாட்டம் போகும் திசையிலேயே கூடச் சேர்ந்து தள்ளும் இடத்தில் ‘ஹெல்ப்’ வருகிறது. ஆற்றில் போகும் படகை நினைத்துக்கொள்ளலாம்: நீரோட்டத்துக்கு எதிரே இழுப்பது, கட்டவிழ்த்து விடுவது, ஓட்டத்தோடு சேர்ந்து துடுப்புப் போடுவது. மூன்றிலும் படகு நகர்கிறது. மூன்றிலும் படகோடு நமக்குள்ள உறவு வேறு. இதற்குப் பின் ஃபிலிப் உல்ஃப் போன்ற உளவியலாளர்கள், நகரும் பொருள்களின் அசைவுப் படங்களைக் காட்டி, பார்ப்பவர் அதற்கு எந்த வினையைத் தேர்கிறார் என்று சோதித்தார்கள். 2003-இல் வெளியான அவர்களது ஆய்வு, பொருளின் நாட்டமும் தள்ளும் திசையும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பொறுத்தே சொல் மாறுகிறது என்று காட்டியது. மனிதரிடத்தில் விருப்பம் என்று நான் அழைத்தது, பொருளிடத்தில் அதன் போக்காகிறது.

எனவே ‘ஹெல்ப்’ என்று எழுதும்போது நாம் ஒரு மரியாதையைச் செய்கிறோம்: செயல் உங்களுடையது, நான் கூட நின்றேன் என்கிறோம். “ஷி ஹெல்ப்ட் மீ ரைட் இட்” என்பதில் எழுதியவள் நானே. ‘டு’ சேர்ப்பதா விடுவதா என்பது இங்கே பெரும்பாலும் ஓசையையும் வழக்கையும் பொறுத்தது. அமெரிக்கர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், முன்னால் ஏற்கெனவே ஒரு ‘டு’ இருந்தால் இரண்டாவதை எல்லாருமே தவிர்க்க விரும்புகிறார்கள். ‘டு’ இல்லாதபோது உதவியவர் கூடவே இருந்து செய்தார் என்றும், இருக்கும்போது தள்ளி நின்று வழி செய்தார் என்றும் சிலர் பிரிப்பார்கள். நானோ ஒரு பக்கத்தில் இரண்டும் கலந்து வந்தாலும் திருத்துவதில்லை. ‘ஹெல்ப்’ என்பதன் இன்னொரு வழக்கான ‘கான்ட் ஹெல்ப் லாஃபிங்’ என்பதில் உதவியே இல்லை, தடுத்துக்கொள்ள முடியாமையே உள்ளது. அதைச் ‘சிரிக்காமல் இருக்க முடியவில்லை’ என்று எழுதிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு துணைவினைகளை ஆங்கிலம் அடுக்குவதைப் பார்த்து, நம்முடையதைப் போன்ற பிறவினை அதற்கு இல்லையே என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கும் இருந்தது. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் அதுவே சொல். ‘ஸிட்’ என்பதற்கு ‘ஸெட்’, ‘லை’ என்பதற்கு ‘லே’, ‘ரைஸ்’ என்பதற்கு ‘ரெய்ஸ்’. ‘டிரிங்க்’ என்பதிலிருந்து பிறந்த ‘டிரென்ச்’ முதலில் ‘குடிக்கச் செய்’ என்ற பொருளையே கொண்டிருந்தது, பிறகுதான் நனைத்தல் ஆயிற்று. திருந்து, திருத்து, வருந்து, வருத்து, ஆடு, ஆட்டு என்று நாம் உள்ளெழுத்தை மாற்றுவதுபோல, அவர்களும் பழங்காலத்தில் உயிரொலியை மாற்றிப் பிறவினை ஆக்கினார்கள். அந்த முறை பின்னர் உயிரிழந்தது. பிறந்த இணைகளில் சில மட்டும் எஞ்சின. அந்த இடத்தை நிரப்பத்தான் தனி வினைகள் வந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் ‘டூ’ என்பதும் ‘லெட்’ என்பதும்கூடச் ‘செய்வி’ என்ற பொருளில் ஓடியிருக்கின்றன. நமக்கோ நன்னூல் சொன்ன ‘-வி’, ‘-பி’ ஈறுகள் ‘செய்வி’, ‘கற்பி’ என்று உயிரோடு உள்ளன. ‘செய்விப்பி’ என்று இரட்டை ஏவலுக்கும் அந்நூல் இடம் தருகிறது. ஆயினும் பேச்சில் நாமும் ‘வை’, ‘விடு’, ‘சொல்’ ஆகிய தனி வினைகளை நோக்கியே நகர்ந்திருக்கிறோம்.

குழந்தைகள் இந்த எல்லையைத் தாமே தடவித் தடவிக் கற்கின்றன. குழந்தைமொழி ஆய்வாளர் மெலிசா பவர்மன் தம் மகளின் பேச்சைப் பதிவு செய்து 1974-இல் வெளியிட்ட கட்டுரை அதைக் காட்டுகிறது. ‘ஓபன்’, ‘பிரேக்’ போன்ற வினைகள் தன்வினையாகவும் பிறவினையாகவும் உருமாறாமல் வருவதைக் கண்ட குழந்தை, ‘ஃபால்’ என்பதையும் அவ்வாறே பிறவினையாக்கி, விழச் செய்வதற்கும் அதையே சொல்லிவிடுகிறது. அது சோம்பலால் வரும் பிழையன்று. காரணமும் விளைவும் ஒன்றுக்குள் ஒன்று இருக்க முடியும் என்று அந்தக் குழந்தை கண்டுகொண்டதன் அடையாளம். நாம் ‘போட வைத்தான்’ என்பதற்கு ‘மேட்’ என்று எழுதுவதும், ஒரு வகையில், நம் மொழியில் கண்ட ஒழுங்கை அடுத்த மொழியிலும் எதிர்பார்ப்பதே.

அந்த வாக்குமூலத்துக்குத் திரும்புகிறேன். திருத்திய படியை அனுப்பிய பிறகு, அதன் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரியை நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை என்பதும் தெரியவந்தது. “அவன் என்னைப் படித்துப் பார்க்க விடவில்லை என்று சொல்ல மாட்டேன், படித்துப் பார்க்கச் சொல்லவும் இல்லை” என்று அந்தப் பெண்மணி சொல்லியிருந்தார். தம்பி தடுக்கவில்லை, ஆனால் வழிகாட்டவும் இல்லை. என் முதல் மொழிபெயர்ப்பு முன்பாதியை ‘டிடின்ட் லெட் மீ’ என்று ஆக்கிவிட்டு, ‘என்று சொல்ல மாட்டேன்’ என்பதைத் தவறவிட்டிருந்தது. அவரிடம் இல்லாத ஒரு குற்றச்சாட்டை இரண்டாவது முறையும் நான் அவர் வாயில் வைத்திருந்தேன். அந்த வரியை மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது இது: “ஐ வோன்ட் ஸே ஹி டிடின்ட் லெட் மீ ரீட் இட். ஹி டிடின்ட் டெல் மீ டு, ஐதர்.”